சீடையை அழகாக உருட்டாதீர்கள்!

கோகுலாஷ்டமி வந்தால் உங்கள் வீட்டில் யாருக்குக் கொண்டாட்டம், கண்ணனுக்கா, குழந்தைகளுக்கா? வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் மாவில் குட்டிக் குட்டிப் பாதம் போட ஆரம்பித்ததுமே பொடிசுகளுக்கு மூக்கு வேர்த்துவிடும். சீடை, முறுக்கு, தட்டை! அன்றைக்கு பிஸ்கட் டப்பாவை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் ஊர் பிஸ்கட் சீடைதானே!

(பாதம் என்றதும் ஒரு வார்த்தை. மாக்கோலம் காய்வதற்குள் மொசைக் தரையில் நன்றாக வழுக்கும். தாத்தா, பாட்டி நடக்கிற வழியை விட்டுச் சற்று ஓரமாகப் போடுங்கள்.)

தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு அரிசி மாவுக்கும் பஞ்சமில்லை, உப்புக்கும் பஞ்சமில்லை. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகிற சாலையில், அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே வந்த சுமார் நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறியது இந்த மண்ணில்தான். ஆனால் கோடியக்கரை மாதிரிக் கடலோர ஊரில் சீடை சுடுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கடல் காற்றுக்கு மாவு சீக்கிரம் ஈரம் கோத்துக்கொள்ளும். காலையில் வறுத்துச் சலித்து வைத்த மாவு, மூடாமல் விட்டால் மத்தியானத்துக்குள் ஒரு மாதிரி பிசுபிசுக்கும். சீடைக்கு முதல் எதிரி இந்த ஈரம்தான்.

சீடை வெடிப்பது ஏன்?

"நான் போட்டால் வெடிக்கிறது, என் மாமியார் போட்டால் வெடிக்கிறதில்லை. கை ராசி!" என்று அலுத்துக்கொள்கிற பெண்கள் நிறைய. ராசியுமில்லை, ஒன்றுமில்லை. உருண்டைக்குள் இருக்கிற தண்ணீர் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த ஆவி வெளியே வர வழி இருந்தால் எண்ணெயில் சலசலவென்று குமிழி விட்டுப் போய்விடும். மேல்தோல் அதற்குள் இறுகிக் கெட்டியாகிவிட்டால் ஆவி எங்கே போகும்? சீடையை உடைத்துக்கொண்டுதான் வரும். வரும்போது கொதிக்கிற எண்ணெயையும் சேர்த்து வாரி அடிக்கும், முகத்திலும் கண்ணிலும்.

மேல்தோல் சீக்கிரம் இறுகுவதற்கு முக்கியமாக இரண்டு காரணம். ஒன்று, எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருப்பது. இன்னொன்றுதான் வேடிக்கை: உருண்டையை அழுத்தி, வழவழவென்று, கோலி குண்டு போல அழகாக உருட்டுவது. அந்த அழகுதான் ஆபத்து. மேலே கொஞ்சம் சொரசொரப்பும் கீறலும் இருந்தால் ஆவி அதன் வழியே தப்பித்துப் போகும்.

ஆகவே உங்கள் ஏழு வயசுப் பெண், "அம்மா, நானும் உருட்டறேன்மா" என்று வந்தால், "போடி, உனக்கு ஒழுங்காக வராது" என்று விரட்டாதீர்கள். ஒழுங்காக வராததுதான் நமக்கு வேண்டும்! கையைக் கழுவச் சொல்லி, உள்ளங்கையில் அழுத்தாமல் லேசாக உருட்டக் கற்றுக்கொடுங்கள். பாட்டி, அப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் உட்காரட்டும். கூடத்தில் பழைய வேட்டியை விரித்து அதன் மேல் உருண்டைகளைப் பரப்பி, அரை மணியாவது காயவிடுங்கள். மேல் ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து. குழந்தைகளின் வேலை கூடத்தோடு சரி. அடுப்பங்கரை வாசலைத் தாண்டக்கூடாது என்று அன்றைக்கு மட்டுமாவது கண்டிப்பாக இருங்கள்.

மாவு விஷயத்தில் கவனம் வேண்டியவை இவை. நாலு கப் பச்சரிசி மாவுக்குக் கால் கப் வறுத்து அரைத்த உளுத்தம் மாவு, கால் கப் வெண்ணெய். இரண்டு மாவையும் நைஸான சல்லடையில் இரண்டு தடவை சலியுங்கள். அரைபடாத சின்னக் குருணை ஒன்று உள்ளே மாட்டினாலும் வம்பு. கல் உப்பாக இருந்தால் தண்ணீரில் கரைத்து, வடிகட்டித்தான் சேர்க்கவேண்டும். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுகிறவர்கள் அதை வெறும் வாணலியில் ஈரம் போக வதக்கிப் போடுங்கள்.

எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் முதலில் நாலே நாலு சீடை போட்டு, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். அவை அடங்கி வெந்தால்தான் அடுத்த ஈடு. பயந்துகொண்டு வாணலியைத் தட்டால் மூடாதீர்கள். தட்டின் அடியில் நீர் முத்து கோத்து எண்ணெயில் சொட்டும். அது வேறு வினை. ஓட்டை உள்ள ஜல்லி மூடி இருந்தால் நல்லது.

மீறிப் பட்டுவிட்டால்...

எண்ணெய் தெறித்த இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஒரு நிமிஷம் காட்டிவிட்டு எடுப்பதில்லை, முழுசாக 20 நிமிஷம். ஐஸ் கட்டி வேண்டாம். இங்க், பற்பசை, மஞ்சள் தூள், தோசை மாவு எதுவும் வேண்டாம். டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போது வலி இரட்டிப்பாகும். வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். முகம், கண், கை விரல்களில் பட்டிருந்தாலோ, பட்டவரின் உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தாலோ ஆஸ்பத்திரிதான். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே புறப்படுங்கள். வாணலி எண்ணெயில் தீப் பிடித்தால் கேஸை அணைத்து, அகலமான தட்டால் மூடுங்கள். எக்காரணம் கொண்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சுட்டு முடித்தபின் ஒரு பயம் பாக்கி இருக்கிறது. சீடை உருண்டையானது, கெட்டியானது. நாலு வயசுக்குட்பட்ட குழந்தைக்கு முழுச் சீடையைக் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். இடித்துப் பொடியாக்கி, பாலில் ஊறவைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே தின்பது பெரிய பிள்ளைகளுக்கும் ஆகாது. அடைத்துக்கொண்ட குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமவோ அழவோ முடியாமல் திணறினால் முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கையை முஷ்டியாக வைத்து, உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். இதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும்.

"எனக்கு பி.பி. இருக்கு, ரெண்டு சீடை தின்னா என்ன?" என்று தாத்தா கேட்பார். இரண்டு தின்றால் ஒன்றுமில்லை. டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டி.வி. பார்ப்பதுதான் ஆகாது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், ரசம், ஊறுகாயிலேயே நமக்கு அது தாண்டிவிடுகிறது. நாலு கப் மாவுக்கு இரண்டு டீஸ்பூன் உப்புப் போடுகிறவர்கள் ஒன்றரையோடு நிறுத்திப் பாருங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதுவும் அயோடின் கலந்த உப்பாக இருக்கட்டும். உப்பளத்திலிருந்து நேராக வீட்டுக்கு வருகிற உப்பு சுத்தமாகத் தெரியலாம், ஆனால் தைராய்டு சுரப்பிக்கு வேண்டிய அளவு அயோடின் அதில் இருக்காது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வெல்லச் சீடையில் சலுகை கிடையாது, வெல்லமும் சர்க்கரைதான்.

சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்து, தாளிக்க இரண்டொரு நாளில் தீர்த்துவிடுங்கள். கறுத்து, கெட்டிப்பட்டு, காரல் வாடை வந்ததை மறுபடி பொரிக்க வைக்கவேண்டாம். அதைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைக்கும். பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் சேருங்கள்.

சீடை நன்றாக ஆறியபிறகுதான் டப்பாவுக்குள் போகவேண்டும். மூடி இறுக்கமாக இல்லையென்றால் கடலோரக் காற்றில் மறுநாளே நமத்துப்போகும். அப்படி நமத்துப்போனால் திரும்ப எண்ணெயில் போடாதீர்கள். வெறும் வாணலியில், சின்னத் தீயில் ஐந்து நிமிஷம் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.