டிப்ஸ் யாருடைய பணம்? சம்பளம் யாருடைய கடன்?



இம்முறை நாம் பாடமாக எடுத்துக்கொண்டிருப்பது ஓட்டல் சர்வருக்குக் கொடுக்கும் டிப்ஸ். 'மளிகைக் கடைக்கும் டிப்ஸுக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகப் படித்தால் அது நம் கல்லாப் பெட்டி வரை வந்து நிற்பது தெரியும்.

சில வாரங்களுக்கு முன் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் இரவு கடை அடைத்த பிறகு, நாம் நான்கு பேர் வழக்கமான ஓட்டல் ஒன்றில் டிபன் சாப்பிட்டோம். பில் 380 ரூபாய். முன்பெல்லாம் 400 ரூபாய் வைப்போம். மீதி 20 ரூபாய் தட்டில் வரும். அதைத் தொடாமல் எழுந்து வருவோம். அன்று நம்மில் ஒருவர் செல்போனை எடுத்து, கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டைக்குச் சரியாக 380 ரூபாய் அனுப்பிவிட்டார். வெகு நாள் பழகிய சர்வரிடம், "என்ன தம்பி, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டோம்.

"தட்டுல சில்லறை விழுந்து நாளாச்சு அண்ணாச்சி. எல்லாம் போன்லயே முதலாளி கணக்குக்குப் போயிடுது. ரூம் வாடகையை அந்தக் காசுலதான் கட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் நம் நான்கு பேர் கடையிலும் அதே அட்டைதான் தொங்குகிறது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

டிப்ஸ் வாடிக்கையாளர் மனமுவந்து கொடுப்பது. சம்பளம் முதலாளி கொடுக்க வேண்டிய கடன். இரண்டும் வேறு வேறு பேரேடு. 2016ஆம் ஆண்டில் ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாடிக்கையாளர் கிரெடிட் கார்டில் பில்லோடு சேர்த்துக் கொடுக்கும் டிப்ஸை ஓட்டல் வசூலித்து ஊழியருக்குப் பிரித்துத் தந்தாலும், அது முதலாளி தரும் சம்பளம் ஆகாது. ஆகவே சம்பளத்துக்குரிய வரிப் பிடித்தம் அதற்குச் செய்ய வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. அந்தப் பணம் ஓட்டலின் கையில் நம்பிக்கையின் பேரில் இருக்கும் ஊழியர் பணம்.

வாடிக்கையாளருக்கும் கட்டாயம் இல்லை. பில்லில் தானாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. அந்த நெறிமுறை செல்லும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28இல் தீர்ப்பளித்தது. கொடுப்பவர் விருப்பம்தான் டிப்ஸ் என்பதே இதன் சாரம்.

அப்படியானால், வருமா வராதா என்று நிச்சயமில்லாத பணத்தை நம்பி ஒருவருடைய சம்பளத்தைக் குறைத்துப் பேசலாமா? கூடாது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும், குறைந்தபட்ச ஊதியம் முதலாளியின் பொறுப்பு. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பதும் அதில் இருக்கிறது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991 முதல் இந்தத் தொகை மாறவில்லை. டிப்ஸும் சேர்ந்து பொதுவான குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை எட்டாவிட்டால், குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும். இதனால் அங்கே சாப்பிட வருபவர் மீது டிப்ஸ் ஒரு பாரமாகவே விழுந்துவிட்டது. ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை. உபசரிப்பு விலையிலேயே அடக்கம். பிரிட்டனில் 2023இல் இயற்றி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, டிப்ஸ் முழுவதையும் முதலாளி ஊழியருக்கே நியாயமாகப் பங்கிட்டுத் தர வேண்டும்.

நம் ஊர் வழக்கம் இந்த மூன்றிலும் சேராது. இங்கே டிப்ஸ் சில்லறையின் குழந்தை. மீதிக் காசு தட்டில் வரும்வரை அது வாழ்ந்தது. 2016இல் யுபிஐ வந்த பிறகு மீதிக் காசு என்பதே அருகிவிட்டது. வாடிக்கையாளர் கஞ்சனாகிவிடவில்லை, கொடுப்பதற்கான வழி அடைபட்டுவிட்டது.

ஒரு சிறு கணக்கு

உதாரணத்துக்கு மட்டும் இந்த எண்கள். ஒரு சர்வருக்குச் சம்பளம் 14,000 ரூபாய். 'டிப்ஸும் கிடைக்கும்' என்று சொல்லி வேலைக்குச் சேர்க்கிறோம். நாளொன்றுக்கு 150 ரூபாய் வீதம் 26 நாளுக்கு டிப்ஸ் 3,900 ரூபாய். ஆக 17,900. டிப்ஸ் 50 ரூபாயாகக் குறைந்தால் மாதம் 1,300தான். கைக்கு வருவது 15,300. ஏட்டில் சம்பளம் குறையவில்லை. ஆனால் அவர் வீட்டில் 2,600 ரூபாய் குறைந்துவிட்டது. அடுத்த மாதம் பெருங்களத்தூரிலோ குரோம்பேட்டையிலோ 1,000 ரூபாய் கூடக் கிடைத்தால் அவர் போய்விடுவார். 'சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்' என்று முதலாளி சொல்லும்போது, சொல்லாமல் கொள்ளாமல் போன அந்த 2,600 ரூபாயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் கடைக்கு வருவோம்

மாதச் சாமான் மூட்டையைச் சேலையூரில் மூன்றாம் மாடி வரை சுமந்து போகும் பையனுக்கு அந்த வீட்டு அம்மா 20 ரூபாய் கொடுப்பார்கள். இப்போது அவர்களும் பில் தொகையை நம் எண்ணுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். சிலர் 1,980க்கு 2,000 அனுப்பி, 'மீதி பையனுக்கு' என்கிறார்கள். அந்த 20 ரூபாய் பையனிடம் போய்ச் சேர்ந்ததா, கல்லாவில் கரைந்ததா? நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. தெரிந்து எடுப்பவர்கள் சிலரே. மறந்து எடுப்பவர்கள் பலர். பையனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

'லாபமே கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய்தான், சம்பளம் எங்கிருந்து கூட்டுவது?' என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் பருப்பு ரகமும், வாடிக்கையாளர் வீடும், பற்றுக் கணக்கும் தெரிந்த ஆள் போனால், புதியவர் பழகும் வரை எடைத் தவறிலும் வாடிக்கை இழப்பிலும் போவது நம் பணமே. அதையும் செலவில் எழுதிப் பார்த்தால் சம்பள உயர்வு அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வேலைக்குச் சேர்க்கும்போது டிப்ஸைச் சொல்லிச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். 'வந்தால் உங்களுக்கு, வராவிட்டாலும் சம்பளம் இவ்வளவு' என்று பேசுங்கள்.

2. செல்போனில் அதிகமாக வந்த தொகையைத் தனி நோட்டில் எழுதி, அன்று இரவே கல்லாவிலிருந்து ரொக்கமாகக் கொடுங்கள்.

3. பொது உண்டியல் வைத்தால் வாரம் ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் திறந்து எண்ணுங்கள். பின்கட்டில் புடைப்பவருக்கும் கழுவுபவருக்கும் பங்கு இருக்கட்டும். முதலாளிக்குப் பங்கு இல்லை.

4. உடைந்த பாட்டிலுக்கும் கணக்குக் குறைவுக்கும் டிப்ஸிலிருந்து பிடிக்காதீர்கள்.

5. வாடிக்கையாளர் தரும் தீபாவளி இனாமை நாம் தரும் போனஸில் கழிக்காதீர்கள்.

6. ஊழியர் வாடிக்கையாளரிடம் கை நீட்டிக் கேட்பதையும் அனுமதிக்காதீர்கள். போதிய சம்பளம் கொடுத்தவருக்கே அப்படிக் கண்டிக்கும் தகுதி உண்டு.

7. நாம் ஓட்டலுக்குப் போகும்போது சட்டைப் பையில் கொஞ்சம் பத்து ரூபாய் நோட்டு இருக்கட்டும். பில்லைச் செல்போனில் கட்டினாலும் டிப்ஸைக் கையில் கொடுக்கலாம். டிபனுக்கு இவ்வளவு என்று விதியில்லை. நம் சக்திக்கும் அவர் உழைப்புக்கும் ஏற்றபடி கொடுத்தால் போதும்.

மறு வாரம் அதே ஓட்டலுக்குப் போனோம். பில்லைச் செல்போனில் கட்டிவிட்டு 20 ரூபாயைத் தட்டில் வைத்தோம். அந்தத் தம்பியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. இருந்தாலும் அவருடைய ரூம் வாடகை நம் 20 ரூபாயை நம்பி இருக்கக் கூடாது. அது முதலாளியின் சம்பளத்தில் அடங்க வேண்டும். அந்த முதலாளியின் இடத்தில் நம்மில் ஒவ்வொருவரும் தினமும் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறவாதிருப்போம்.