பிக்கப்பில் குரூஸ் கன்ட்ரோல்: நாமே பொருத்த எந்த வழி சரி?

டெக்சாஸைக் குறுக்கே கடக்கும் ஐ-10 நெடுஞ்சாலை ஏறத்தாழ 880 மைல் நீளம். மேற்குப் பகுதியில் மணிக்கு 80 மைல் வரை அனுமதி உண்டு. வளைவுகள் குறைவு, ஊர்களும் அரிது. அப்படிப்பட்ட சாலையில் ஆக்ஸிலரேட்டரை மணிக்கணக்கில் ஒரே அழுத்தத்தில் பிடித்திருந்தால் கணுக்காலும் இடுப்பும் கெஞ்சும். குரூஸ் கன்ட்ரோலின் அருமை அங்கேதான் தெரியும்.

அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்கும் பலருக்கு இந்த வசதி கிடைப்பதில்லை. கட்டட வேலைக்கும் பண்ணைக்கும் என்று விற்கப்பட்ட அடிப்படை மாடல்களில் விலையைக் குறைக்க இதை விட்டுவிடுவார்கள். உறுதியான இன்ஜின், குறைந்த விலை என்று வாங்கி வந்த பிறகுதான் ஸ்டீயரிங்கில் பொத்தான் இல்லாதது உறுத்தும். கையில் ஓரளவு வேலைத்திறன் இருந்தால் நாமே பொருத்திவிடலாம். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: பிரேக்கைத் தொட்டதும், கிளட்சை மிதித்ததும், பொத்தானை அணைத்ததும் அந்தக் கருவி ஒவ்வொரு முறையும் உடனே விடுபடுமா? வேகத்தைப் பிடித்துவைக்க எல்லாக் கருவிகளாலும் முடியும். தயங்காமல் விட்டுக்கொடுப்பதில்தான் அவற்றின் தரம் தெரியும்.

முதலில் வண்டியைப் படியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து த்ராட்டிலைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் பெடலிலிருந்து ஒரு கம்பிக் கேபிள் வந்து அதைத் திறக்கிறதா, அல்லது வெறும் மின்கம்பிகள் மட்டும் செல்கின்றனவா? 1990-களின் பிக்கப்களில் பெரும்பாலும் கேபிள்தான். டொயோட்டா டகோமா 2005-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலும், ஃபோர்டு எஃப்-150 2004-இல் வந்த புதிய வடிவத்திலும் மின்னணு த்ராட்டிலுக்கு மாறின. அதன்பின் வந்த வண்டிகளில் பெடல் ஒரு சென்சார் மட்டுமே. த்ராட்டிலைத் திறப்பது இன்ஜின் கணினி.

இந்த ஒரு வேறுபாடே பாதி முடிவைச் சொல்லிவிடும். கேபிள் வண்டியில் த்ராட்டிலை இழுக்கத் தனியாக ஒரு மோட்டார் வேண்டும். மின்னணு வண்டியில் இழுக்கும் மோட்டார் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கட்டளை கொடுத்தால் போதும்.

அடுத்து, கியர் பெட்டி மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதையும், பிரேக் விளக்குகள் சாதாரண பல்பா எல்இடியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பின்னால் தேவைப்படும்.

வழி 1: கம்பெனி ஸ்விட்சையே பொருத்துவது

மின்னணு த்ராட்டில் உள்ள வண்டிக்கு இதுவே முதல் தேர்வு. தனித்தனி மாடலுக்குத் தனித்தனி வயரிங் செய்வதைவிட எல்லாவற்றுக்கும் ஒரே வயரிங் போடுவது தயாரிப்பாளருக்கு மலிவு. அதனால் பல அடிப்படை மாடல்களில் குரூஸ் கன்ட்ரோலுக்கான கம்பியும் கணினி நிரலும் உள்ளேயே இருக்கும்; ஸ்விட்ச் மட்டும் இருக்காது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2005 முதல் 2015 வரை வந்த டகோமா. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வலப்பக்கம் பொருந்தும் சிறு நெம்புகோல்தான் அதன் குரூஸ் ஸ்விட்ச். நுனியை அழுத்தினால் இயங்கும், கீழே தள்ளினால் வேகம் பதியும், மேலே தூக்கினால் பழைய வேகத்துக்குத் திரும்பும், நம் பக்கம் இழுத்தால் விடுபடும். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மின்தடை மதிப்பு உண்டு. கணினி அதைப் படித்து என்ன கட்டளை என்று அறிகிறது. பல டகோமாக்களில் இந்த நெம்புகோலைத் திருகி, கனெக்டரைச் செருகினாலே டாஷ்போர்டில் குரூஸ் விளக்கு எரியும். சிலவற்றில் ஸ்டீயரிங்குக்குள் செல்லும் சிறிய வயர் கட்டையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

வேலை எளிது, ஆனால் ஏர்பேக்கைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் மின்சுற்றில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது டொயோட்டா. சில நிமிடங்கள் கூடுதலாகக் காத்திருப்பதில் நட்டமில்லை. சக்கரங்கள் நேராக இருக்கட்டும். இருபக்கத்து டார்க்ஸ் திருகுகளையும் தளர்த்தி ஏர்பேக்கை எடுத்த பின், அதன் மெத்தைப் பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மல்டிமீட்டரை வைத்துச் சோதிக்கவே கூடாது.

மேனுவல் கியர் வண்டிக்கு இன்னொரு வேலை உண்டு. கிளட்ச் பெடலின் மேற்புறத்தில் குரூஸை விடுவிக்கும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கான ஸ்விட்ச் வேறு, இது வேறு. இது இல்லாவிட்டால் ஓட்டத்தில் கிளட்சை மிதிக்கும்போது, வேகத்தைக் காக்க கணினி த்ராட்டிலைத் திறந்தே வைத்திருக்கும். சுமை இல்லாத இன்ஜின் அலறும். அதையும் வாங்கிப் பொருத்திய பிறகே குரூஸை இயக்க வேண்டும்.

ஃபோர்டு, ஜிஎம் பிக்கப்கள் பலவற்றில் ஸ்விட்சோடு வேலை முடியாது. குரூஸ் உண்டு என்று கணினியிலும் பதிய வேண்டும். 2015-க்குப் பிந்தைய எஃப்-150 உரிமையாளர்கள் பலர் ஃபோர்ஸ்கேன் மென்பொருளால் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். எதையும் மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பைச் சேமித்துக்கொள்வதும், பேட்டரிக்கு சார்ஜர் இணைத்துக்கொள்வதும் கட்டாயம். கணினியைத் தொடப் பயமாக இருந்தால் டீலரிடம் அந்த ஒரு வேலைக்கு மட்டும் கட்டணம் கொடுங்கள்.

ஸ்விட்சின் விலை பொதுவாக நூறு டாலருக்குள் அடங்கும். டகோமாவில் ஓர் அரைநாள் போதும். பிரேக், கிளட்ச் ஸ்விட்ச், வேகச் சென்சார் எல்லாவற்றையும் வண்டியின் சொந்தக் கணினியே கண்காணிக்கிறது. விடுபடும் விஷயத்தில் மூன்று வழிகளில் இதுதான் மிகவும் நம்பத்தக்கது.

வழி 2: பெடலுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு மாட்யூல்

த்ராட்டில் மின்னணு, ஆனால் கம்பெனி வயரிங் இல்லை. அல்லது கணினி ஏற்க மறுக்கிறது. அந்த நிலையில் வெளி நிறுவனங்களின் மாட்யூல் உதவும். நார்த் கரோலைனாவின் ரோஸ்ட்ரா இவ்வகைக் கருவிகளில் நெடுநாளாக அறியப்பட்ட பெயர். மாட்யூல் பெடல் சென்சாரின் கனெக்டருக்கும் வண்டியின் வயருக்கும் இடையே செருகிக்கொள்ளும். நாம் பெடலை அழுத்தினால் எந்த சிக்னல் போகுமோ அதையே இது உருவாக்கி அனுப்பும்.

உங்கள் மாடல், ஆண்டு, இன்ஜின் மூன்றுக்கும் பொருந்தும் வயர் கட்டு கிடைத்தால், கம்பியை வெட்டாமலேயே வேலை முடியும். செலவு சில நூறு டாலர் ஆகும். கம்பெனி குரூஸ் கிடைக்காத வண்டிக்கு இது நேர்த்தியான மாற்று. ஆனால் ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று பெயரில்லாமல் விற்கப்படும் மலிவுப் பெட்டிகளை வாங்காதீர்கள். பெடல் சிக்னலைத் தானே உருவாக்கும் பொருள் பழுதானால் என்ன செய்யும் என்பதற்கு அவற்றில் எழுத்தில் உத்தரவாதம் இராது.

வழி 3: கேபிளை இழுக்கும் செர்வோ

பழைய கேபிள் வண்டிகளுக்கு இருக்கும் வழி இதுதான். மூன்றில் அதிக உழைப்பும் கவனமும் கேட்பது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

செர்வோவில் இரண்டு வகை. ஒன்று இன்ஜினின் உறிஞ்சு அழுத்தத்தால், அதாவது வேக்குவத்தால் இழுப்பது. மற்றது மின் மோட்டாரால் இழுப்பது. நீண்ட ஏற்றத்தில் த்ராட்டில் அகலத் திறக்கும்போது வேக்குவம் குறைந்துவிடும். இழுவை அதிகம் தேவைப்படும் அந்த இடத்திலேயே செர்வோ தளர்ந்துவிடும். டீசல் இன்ஜினில் பயன்படுத்தத்தக்க வேக்குவமே பெரும்பாலும் இல்லை. தனி பம்ப் வேண்டும். அதனால் மின் மோட்டார் வகையையே வாங்குங்கள்.

செர்வோவைக் கட்டுப்படுத்தும் மாட்யூலுக்கு மூன்று செய்திகள் கிடைக்க வேண்டும். வண்டியின் வேகம் முதலாவது. கியர் பெட்டியின் வேகச் சென்சாரிலிருந்து அதை எடுக்கலாம். மைலுக்கு எத்தனை துடிப்பு என்பதை மாட்யூலின் சிறு ஸ்விட்சுகளில் அமைக்க வேண்டும். சென்சாரே இல்லாத பழைய வண்டியில் டிரைவ் ஷாஃப்டில் காந்தம் கட்டி, எதிரே காயில் வைக்கலாம். இரண்டாவது இன்ஜினின் சுழற்சி. அது திடீரென்று எகிறினால் மாட்யூல் விடுபட வேண்டும். மூன்றாவது பிரேக்.

இந்த மூன்றாவதில்தான் எல்இடி விஷயம் வருகிறது. பல மாட்யூல்கள் பிரேக் விளக்கு அணைந்திருக்கும்போது பல்பின் இழை வழியே தரைத் தொடர்பைத் தேடும். அது கிடைத்தால்தான் இயங்கும். எல்இடி விளக்கில் அந்தத் தொடர்பு கிடைக்காது. குரூஸ் ஏன் பிடிக்கவில்லை என்று நாள் முழுதும் தேடுபவர்களின் சிக்கல் பலமுறை இங்கேதான் இருக்கும். ஒரு ரிலே சேர்த்தால் தீரும். இந்தச் சோதனையை ஏமாற்ற மாட்யூலின் பிரேக் வயரை நேராகத் தரையில் இணைப்பது உயிருக்கு உலை. பிரேக்கை மிதித்தாலும் மாட்யூலுக்குத் தெரியாமல் போகும்.

செர்வோவை வெப்பமான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள். கேபிள் கூரிய வளைவின்றிச் செல்லட்டும். குரூஸ் இயங்காதபோது அது சற்றே தளர்ந்திருக்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு த்ராட்டிலை முழுதும் திறந்து கையை எடுங்கள். தட்டென்று தானே மூட வேண்டும். ஒருமுறை சிக்கினாலும் வேலை முடியவில்லை என்று பொருள்.

இதற்கும் சில நூறு டாலர், ஒரு முழுநாள் ஆகும். கம்பியின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்கத் தெரியாதவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு

ஏற்கெனவே குரூஸ் உள்ள பழைய ஃபோர்டு பிக்கப்பில் பழுதுபார்ப்பதோ, அதன் பாகத்தை வேறு வண்டிக்கு எடுப்பதோ என்றால் ஒரு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். எஃப்-150 உட்படப் பல ஃபோர்டு வண்டிகளில் குரூஸை விடுவிக்கும் அழுத்த ஸ்விட்ச் பிரேக் எண்ணெய்க் குழாயோடு இணைந்திருந்தது. உள்ளே இருந்த மெல்லிய படலம் கிழிந்து, எண்ணெய் மின்பகுதிக்குள் கசிந்தது. அந்தச் சுற்றில் எப்போதும் மின்சாரம் இருந்ததால், நிறுத்திவைத்த வண்டிகளும் தீப்பிடித்தன. 1999-இல் தொடங்கிய திரும்ப அழைப்பு, 2009-இல் மேலும் 45 லட்சம் வண்டிகளைச் சேர்த்தது. உங்கள் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை ஃபோர்டு டீலரிடம் கொடுத்துக் கேட்டால், திருத்தம் நிலுவையில் உள்ளதா என்று தெரியும். அந்தத் திருத்தம் இலவசம்.

யாருக்கு எது?

- மின்னணு த்ராட்டில், கம்பெனி வயரிங் உண்டு: வழி 1. வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.
- மின்னணு த்ராட்டில், வயரிங் இல்லை: உங்கள் மாடலுக்கென்றே செய்த கட்டு கிடைத்தால் வழி 2.
- கேபிள் த்ராட்டில், மின்வேலை தெரியும்: வழி 3, மின் மோட்டார் செர்வோவோடு.
- கேபிள் த்ராட்டில், மின்வேலை தெரியாது: கருவியை வாங்கி, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்.
- முன்வண்டிக்கேற்ப வேகம் மாற்றும் குரூஸ்: வீட்டு வேலை அல்ல. ரேடாரின் கோணம் சற்றுப் பிசகினாலும் அடுத்த லேன் வண்டியை உங்கள் முன்வண்டியாக எண்ணிவிடும்.

வாரண்டி உள்ள வண்டியானால் ஒன்று. வெளிப் பொருள் பொருத்தினீர்கள் என்பதற்காகவே மொத்த வாரண்டியையும் மறுக்க 1975-இல் நடப்புக்கு வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் அந்தப் பொருளால் வந்த பழுதுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

சாலைச் சோதனை

காலியான, நேரான, உலர்ந்த சாலையில் மணிக்கு 40 மைலில் தொடங்குங்கள். குரூஸைப் பதித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்: பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொட்டாலே விடுபடுகிறதா? கிளட்சை மிதித்தால்? விடுவிக்கும் பொத்தானில்? மெயின் ஸ்விட்சில்? ஆட்டோமேட்டிக்கானால் நியூட்ரலில்? ஒவ்வொன்றையும் பலமுறை செய்யுங்கள். பெரும்பாலான கருவிகளில் ஏறத்தாழ 25 மைலுக்குக் கீழே வேகம் பதியக் கூடாது, அதையும் பாருங்கள். மழையிலும் பனியிலும், பெரிய டிரெய்லரோடு மலையிறங்கும்போதும் எந்தக் குரூஸையும் பயன்படுத்தாதீர்கள்.

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு ஒரேயொரு முறை ‘இல்லை’ என்று விடை வந்தாலும், காரணம் கிடைக்கும் வரை ஃபியூஸைக் கழற்றிவையுங்கள். எத்தனை நூறு மைலானாலும் காலால் ஓட்டிவிடலாம். விடுபடுமா என்ற ஐயத்தோடு ஒரு மைல்கூட குரூஸில் ஓட்டக் கூடாது.