வலைக்குக் கணக்குப் போட்டோம், ஆளுக்கு?

இம்மாதப் பாடம்: கண்மாயில் பரிசல், மிதவை ஓட்டுபவர்களுக்கு



மேலூர்ப் பக்கம் ஒரு குழுக் கூட்டம். கண்மாய் மீன் ஏலத்தில் பங்கு சேர்ந்த உறுப்பினர் ஒருவர் கடன் மனு வைத்தார். வலை, மீன்குஞ்சு, ஐஸ் பெட்டி, லாரி டியூப், தெர்மாகோல் என்று கணக்கு சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடுகிற நேரத்தில் மூலையில் இருந்த அப்பத்தா கேட்டார்: "ஏத்தா, வலைக்குப் போட்ட, குஞ்சுக்குப் போட்ட. தண்ணிக்குள்ள போற ஆளுக்கு என்ன போட்ட?"

யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்: "எங்க அண்ணன் போன அன்னிக்குக் கண்மாயில இடுப்பளவு தண்ணிதான். மண்ணெடுத்த பள்ளம் கண்ணுக்குத் தெரியல. மிதவை கரை ஒதுங்குச்சு, வலையும் வந்துச்சு. அண்ணன் மறுநாள்தான் வந்தாரு."

சகோதரிகளே, அவர் சொன்னதுதான் இந்தப் பாடம். பரிசல் மிதக்கிறது என்பதால் நாமும் மிதப்போம் என்று அர்த்தமில்லை. மிதக்கிற பொருள் நம் உடம்போடு கட்டியிருக்க வேண்டும்.

1. ஏறும் முன் எடுக்க வேண்டியவை

லைஃப் ஜாக்கெட்: ஆளுக்கு ஒன்று. எத்தனை கிலோ ஆளுக்கு என்று உள்ளே துணியில் அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். போட்டு வாரை இறுக்கியபின் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறி வந்தால் அது தளர்வு, தண்ணீரில் கழன்றுவிடும். அதை மடித்து உட்காரும் மெத்தையாக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு நசுங்கிவிடும். நிழலில் காயவையுங்கள்.

காலி கேன்: மூடி இறுகிய 5 லிட்டர் எண்ணெய்க் கேன் சுமார் 5 கிலோ எடையைத் தாங்கும். தண்ணீரில் ஒரு ஆளின் தலை மேலே நிற்க ஏறக்குறைய அது போதும். ஆனால் கை விட்டால் கேன் போய்விடும். ஆகவே இது ஜாக்கெட்டுக்கு மாற்று அல்ல, கூடுதல் துணை.

கயிறு: 15 மீட்டர். நைலான் கயிறு தண்ணீரில் மூழ்கும். கடையில் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், அதையே வாங்குங்கள்.

இவற்றோடு துடுப்பு, தண்ணீர் இறைக்க ஒரு வெட்டிய டப்பா, வலை காலில் சிக்கினால் அறுக்க உறையிட்ட கத்தி, கழுத்தில் ஒரு விசில். துடுப்பையும் டப்பாவையும் பரிசலோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

2. எது எப்படிப் போகும்?

பரிசல் வட்டமானது. ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். போகிற திசையைப் பார்த்து முன்விளிம்பில் மண்டியிட்டு, துடுப்பை முன்னே நீட்டி, தண்ணீரை இடமும் வலமும் மாற்றி மாற்றி உங்களை நோக்கி இழுங்கள்.

லாரி டியூபுக்கு எதிரி சீமைக்கருவேல முள். கண்மாய்க்குள் மூழ்கிக் கிடக்கும் கட்டையில் ஒரு முள் போதும். ஒரே டியூபை நம்பி ஆழத்துக்குப் போகாதீர்கள்.

தெர்மாகோல் மிதக்கும், ஆனால் காற்றுக்கு நிற்காது. 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று அத்தனையையும் கரைக்கு ஒதுக்கியது. ஊரே சிரித்தது. ஆனால் அதே அட்டைமேல் உட்கார்ந்துதான் நம் வீட்டு ஆள் வலை கட்டுகிறார்.

3. காற்றும் நேரமும்

ஆடிக்காற்றை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற மாதங்களிலும் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். விடியலில் போய் வெயிலுக்கு முன் திரும்புங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். கை ஓய்ந்து திரும்பும்போது காற்றே உங்களைக் கரைக்குத் தள்ளிவரும். பலர் இதை மாற்றிச் செய்துதான் நடுக்கண்மாயில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மடை திறந்திருக்கும்போது அதன் பக்கம் போகக் கூடாது. மறுகால் பாய்கிறபோது கலுங்குப் பக்கமும் கூடாது. இழுக்கும் தண்ணீர் மேலே அமைதியாகத்தான் தெரியும்.

4. உட்காருவதும் நிற்பதும்

ஏறும்போது நடுவில் கால் வைத்து, குனிந்து, இரண்டு பக்கமும் பிடித்து உட்காருங்கள். ஒருவர் உட்கார்ந்தபின் அடுத்தவர். வலையும் மீன் கூடையும் நடுவில் இருக்கட்டும். வீச்சுவலை போட ஒருவர் எழுந்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எடை கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அவ்வளவு பெரிய படகுக்கே அந்தக் கதி என்றால் நம் பரிசல் எம்மாத்திரம்?

பெண்கள் போவதாக இருந்தால் சுடிதார் நல்லது. சேலைதான் என்றால் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். நனைந்த சேலை காலைச் சுற்றி நீந்தவிடாது.

5. கவிழ்ந்துவிட்டால்

பரிசலை விடாதீர்கள். கவிழ்ந்த பரிசலும் பெரும்பாலும் மிதக்கும். கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நீந்தக் கிளம்பியவர்கள் பாதியில் ஓய்ந்துபோகிறார்கள். பரிசலைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதுங்கள். காலை மட்டும் அடித்து மெதுவாகக் கரைப்பக்கம் நகருங்கள். வலை போனால் போகட்டும், அடுத்த தவணையில் வாங்கலாம்.

6. கரையில் நிற்பவர் செய்ய வேண்டியது

தண்ணீரில் குதிக்காதீர்கள். தத்தளிப்பவர் நம்மையும் சேர்த்து அமுக்கிவிடுவார். கம்பை நீட்டுங்கள். கயிற்று நுனியில் கேனைக் கட்டி வீசுங்கள். கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினால் தூரம் போகும். எதுவுமே இல்லையா? 2020 ஆகஸ்ட்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு பேர் மூழ்கியபோது, அங்கே இருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

கரையேற்றியவரைத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவையுங்கள். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊதுங்கள். இதை விடாமல் செய்யும்போதே இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மூச்சு திரும்பினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் யார் வீட்டு ஆட்கள் கண்மாயில் இறங்குகிறார்கள்? அவர்களில் எத்தனை பேரிடம் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது?
• நம் கண்மாயில் மண்ணெடுத்த பள்ளங்கள் எங்கே? தண்ணீர் வற்றும் காலத்தில் பார்த்துக் கம்பு நட்டு அடையாளம் வைக்க முடியுமா?
• வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீட்டில் (18 முதல் 70 வயது, இறப்புக்கு 2 லட்சம்) எல்லோரும் சேர்ந்துவிட்டோமா?

அன்றைய கூட்டத்தில் அந்தக் கடன் மனு திரும்பப் போனது. அடுத்த வாரம் ஒரு வரி கூடுதலாக வந்தது: "லைஃப் ஜாக்கெட், 2." அப்பத்தாதான் முதலில் கைநாட்டு வைத்தார்.