உப்புக்காற்றுக்குக் கேபினட் வாங்குவது

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யச் சொல்லி வருகிறவர்கள் பிராசஸருக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் ஒரு மணி நேரம் யோசிப்பார்கள். கேபினட் என்று வந்ததும், “பாக்க நல்லா இருக்கற மாதிரி ஒண்ணு போட்டுடுங்க சார்” என்று முடித்துவிடுவார்கள். செங்கல்பட்டுக்குள்ளேயே இருக்கப்போகிற மெஷின் என்றால் நானும் தலையாட்டிவிடுவேன். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் போகிறதென்றால் விடமாட்டேன். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசியும் ஈ.சி.ஆர். உப்பும் வேறு வேறு வியாதி.

தூசி வந்து அடைத்துக்கொள்ளும், ப்ளோயர் வைத்து ஊதினால் போய்விடும். உப்பு அப்படிப் போகாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதாரண உப்பு தானே கசிந்து நீர்க்கும். கடல் உப்பில் கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆகவே கடலோரத்தில் தகட்டின் மேல் படிந்த உப்பு கிட்டத்தட்ட வருடம் முழுக்க ஈரமாகவே இருக்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலின் கருங்கல்லை அரித்ததும் இந்த உப்புதான். ஈரக் காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பிக் காயவிட்டு, உள்ளே இறங்கிய உப்பை வெளியே இழுக்கும் வைத்தியத்தைத் தொல்லியல் துறை அங்கே செய்திருக்கிறது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் அரை மில்லிமீட்டர் தகடு எம்மாத்திரம்?

கடையில் கேபினட்டின் முகத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். துத்தநாகம் பூசிய தகட்டை வெட்டித்தான் இதைச் செய்கிறார்கள். வெட்டிய விளிம்பில் பூச்சு இருக்காது, துரு அங்கிருந்துதான் கிளம்பும். பின்பக்கத்தில் கார்டு செருகும் இடத்து மூடிகளை ஒடித்து எடுப்பதுபோல வைத்திருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். ஒடித்த இடம் பச்சைப் புண்ணாகவே நிற்கும். ஸ்க்ரூ போட்டுக் கழற்றி மாட்டுகிற மூடிதான் நல்லது. சைடு பேனலைக் கழற்றச் சொல்லி, உள்விளிம்பில் நகத்தால் கீறிப் பாருங்கள். பவுடர் கோட்டிங் உரிந்து வந்தால் மறு பேச்சு வேண்டாம். உள்பக்கமும் பெயின்ட் அடித்ததாக இருக்கட்டும். நிறத்தில் என் ஓட்டு வெள்ளைக்கோ வெளிர்சாம்பலுக்கோதான். கறுப்பில் துரு முற்றும்வரை கண்ணில் படாது. வெள்ளையில் முதல் பழுப்புக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.

அலுமினியம் துருப்பிடிக்காதே என்பார்கள். ஆனோடைஸ் செய்ததென்றால் சரி. இல்லாவிட்டால் வெள்ளை மாவாகப் பூத்து, குழி விழும். அதில் இரும்பு ஸ்க்ரூ இறங்கியிருந்தால் இரண்டும் உப்பீரத்தில் ஒட்டிக்கொள்ளும், தலை தேய்ந்தாலும் ஸ்க்ரூ வராது.

இப்போது யூடியூபில் எல்லோரும் கொண்டாடுவது முன்பக்கம் முழுக்க மெஷ் வைத்த கேபினட்டை. உள்ளூரில் அது நியாயம். கடலைப் பார்த்த அறைக்கு நான் சொல்ல மாட்டேன். நைலான் வலை தூசியைப் பிடிக்கும், மதியத்துக்கு மேல் அடிக்கிற கடல்காற்றின் உப்பு நுண்துளிகள் அதில் புகுந்து போய்விடும். எவ்வளவு காற்றை இழுக்கிறோமோ அவ்வளவு உப்பு. பில் போடவும் கணக்கு எழுதவும் 65 வாட் பிராசஸருக்கு ஆறு ஃபேன் எதற்கு? முன்னால் மெதுவாகச் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, பின்னால் ஒன்று, மேல்பக்கம் ஓட்டையே இல்லாத மூடி. பழைய கிரீம் நிறப் பெட்டிகளின் மேல்பக்கமும் இப்படி மூடித்தான் இருந்தது. பிளாஸ்டிக் முகப்பு மஞ்சளடித்துப் போனாலும் தகடு கனமாக இருந்தது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தையொட்டிக் கரையைக் கடந்த பிறகு என்னிடம் வந்த மெஷின்களில் தண்ணீர் புகுந்தவை குறைவு. மூடிய அறையில் கரன்ட் இல்லாமல் கிடந்து துருவேறியவைதான் அதிகம். ஓடுகிற மெஷின் வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் தங்காது. சீசன் இல்லாத மாதங்களில் விடுதிக்காரர்கள் மெஷினைப் பூட்டி வைக்காமல் அவ்வப்போது போட்டு ஓடவிடலாம். ஏ.சி. அறையில் இன்னொரு வம்பு உண்டு. இரவெல்லாம் 20 டிகிரியில் குளிர்ந்த தகடு, காலையில் ஜன்னலைத் திறந்ததும் குப்பென்று வியர்க்கும். 26 வைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்துக் கணக்குமேசைகளில் நிலைமை இன்னும் மோசம். உப்போடு கட்டர் மெஷின் கிளப்புகிற கல்மாவும் சேரும். அங்கே ஒரு பெரியவர், “தூசி போவக் கூடாதுன்னு வேட்டி போட்டு மூடியிருக்கேன் தம்பி, சரிதானே?” என்றார். வேட்டியைத் தூக்கினால் மேல்தகடு சுட்டது. “நிறுத்தினப்புறம் மூடுங்கய்யா, ஓடறப்ப வேணாம்” என்றேன். அந்த மாதிரி இடத்தில் கண்ணாடிப் பேனலும் ஆகாது. டெம்பர்ட் கிளாஸின் முகத்தில் தட்டினால் தாங்கும், ஓரம் கருங்கல் தரையில் லேசாக மோதினாலே பொடிப்பொடியாகிவிடும். கழற்றினால் மடித்த சாக்கின் மேல் படுக்க வையுங்கள்.

துடைக்கும்போது காய்ந்த துணி உப்பை இழுத்துப் பரப்பத்தான் செய்யும். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் துணியை நனைத்துப் பிழிந்து வெளித்தகட்டைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். விளிம்புகளுக்கும் ஸ்க்ரூக்களுக்கும் துளி தையல்மெஷின் எண்ணெய் தொட்டு வைக்கலாம், ஃபேன் பக்கம் கொண்டுபோகாமல். பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். கீழே இருக்கிற கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள், மாப் போடுகிற தண்ணீர் நேராக அதற்குத்தான். ஒரு சக்கர ஸ்டாண்டு போதும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று கடலோரப் பக்கத்திலிருந்து அடிக்கடி போன் வரும். பெட்டியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் வீட்டு எர்த் பைப்பில் கம்பியைப் பிடிக்கிற கிளாம்ப் துருப்பிடித்து விட்டிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மாற்றுகிறவரை மெஷினைப் போடாதீர்கள்.