முறிந்த பின் ஸ்பிரிங்: ஊர் ஜீப்பைப் பேணுவோருக்கு ஒரு பாடம்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்திற்குக் குடியிருப்பு ஓரிடம், காணி வேறோரிடம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல இடங்களில் மண் சரிந்தது. மக்கள் பாதுகாப்பான இடம் தேடிப் போனார்கள். ஆனால் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் விளைந்த பாத்திகள் அவர்களோடு கூட வரவில்லை. காலையில் ஆட்களைக் காணிக்குக் கொண்டுபோவதும், பின்னேரம் மரக்கறி மூட்டைகளைச் சந்திக்கு இறக்குவதும், இரவில் நோயாளியை டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வதும் பல இடங்களில் ஒரே ஒரு பழைய ஜீப்தான்.

புதிதாக ஒன்றை வாங்கலாமே என்பவர்களுக்கு நாட்டின் நிலைமை தெரியும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைத்தபோது, வரியோடு சேர்ந்த விலை நம் எட்டாக் கொம்பாகிவிட்டது. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய லேன்ட் ரோவர், பஜேரோ, லேன்ட் குரூசர் வாகனங்களையே நாம் இன்னும் சில காலம் ஓட்டியாக வேண்டும். மலைப் பாதையில் இவற்றின் பின் ஸ்பிரிங் அடிக்கடி முறிகிறது. அது ஏன் முறிகிறது, முறிந்தால் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதே இந்தப் பாடம்.

ஸ்பிரிங் வேலை செய்யும் விதம்

பின்புறத்தில் இரண்டு வகை ஸ்பிரிங் உண்டு. பழைய லேன்ட் ரோவர், 1991 க்கு முந்திய பஜேரோக்களில் பல, பெரும்பாலான பிக்அப் வாகனங்கள் ஆகியவற்றில் இரும்புத் தகடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் இருக்கும். 1983 முதல் வந்த புதிய வகை லேன்ட் ரோவரிலும் 1991 இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பஜேரோவிலும் பின்னால் சுருள் ஸ்பிரிங்.

தகட்டு ஸ்பிரிங்கில் மேலே உள்ள மிக நீண்ட தகட்டை மெயின் தகடு என்கிறார்கள். அதன் இரு நுனிகளும் சுருட்டப்பட்டுக் கண் போல இருக்கும். அந்தக் கண்கள் வழியாகத்தான் ஸ்பிரிங் சஸியோடு பிணைக்கப்பட்டுள்ளது. முன் கண் அசையாத பிடி. பின் கண் ஆடும் பிடி. ஸ்பிரிங் அமுங்கும்போது நீளம் கூடுவதால் அதற்கு ஆட இடம் வேண்டும். நடுவிலே இரண்டு யூ போல்ட்டுகள் தகடுகளையும் அச்சையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன. தகடுகளின் நடுத்துளை வழியே ஒரு சென்டர் போல்ட் போகிறது. அதன் வேலை அச்சு இடம் மாறாமல் குறி காட்டி வைப்பது மட்டுமே. இறுக்கிப் பிடிக்கும் வேலை யூ போல்ட்டுடையது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தகட்டு ஸ்பிரிங் சுமையை மட்டும் தாங்கவில்லை. பின் அச்சை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் அதுவே. பிரேக் பிடிக்கும்போது அச்சு பின்னே இழுபடாமலும், ஏற்றத்தில் கியர் போட்டு ஏறும்போது அச்சு முன்னே தள்ளப்படாமலும் தடுப்பது மெயின் தகட்டின் முன் பாதி. அது முறிந்தால் சில்லு திசை மாறும். இறக்கத்தில் இது எவ்வளவு பயங்கரம் என்பதை நானுஓயா, ரதல்ல குறுக்குப் பாதையில் இறங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் முறிகிறது?

"றோட்டுப் பள்ளத்தில் விழுந்தது, முறிந்துவிட்டது" என்று சாரதி சொல்வார். அவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை மடக்கினால், கடைசி மடிப்பில் அது சிறு பலத்திற்கே ஒடிந்துவிடும். ஸ்பிரிங்கும் அப்படித்தான் களைக்கிறது. மாதக்கணக்கில் ஒரு மெல்லிய வெடிப்பு வளர்ந்துகொண்டே இருக்கும். பள்ளம் கடைசி அடியைக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

முறிந்த தகட்டைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் முறிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி கறுத்தும் துருப்பிடித்தும், சில வேளை சிப்பியின் வரிகளைப் போல வளைகோடுகளோடும் இருக்கும். அது பழைய வெடிப்பு. மீதிப் பகுதி சாம்பல் நிறத்தில், மணல் மணலாக மினுங்கும். அது இன்று முறிந்தது. பழைய பகுதி பெரிதாக இருந்தால், அந்த வாகனம் பல நாட்களாக எச்சரித்தும் எவரும் கீழே குனிந்து பார்க்கவில்லை என்பது பொருள்.

முறிந்த இடமும் ஒரு செய்தி சொல்லும். நடுத்துளையில் முறிந்திருந்தால் யூ போல்ட் தளர்ந்திருந்ததா என்று முதலில் பாருங்கள். யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை தகட்டின் நடுப்பகுதி வளையாது. தளர்ந்தால் துளையுள்ள பலவீனமான இடமே வளையத் தொடங்குகிறது. சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்வதும் இப்படித்தான். சில நூறு ரூபாய்க்கு ஒருவர் இறுக்கித் தந்திருக்கக்கூடிய நட்டுக்காக முழு ஸ்பிரிங்கையே இழக்கிறோம்.

அடுத்த காரணம் சுமை. ஜீப் வகை வாகனங்களில் பெரும்பாலானவை ஆட்களும் பொருளுமாகச் சுமார் 500 முதல் 700 கிலோ வரை சுமக்கவே செய்யப்பட்டவை. 60 கிலோ நிறையுள்ள பத்துப் பேர் ஏறினால் 600 கிலோ. அதன்மேல் 50 கிலோ கிழங்கு மூட்டை ஐந்தை ஏற்றினால் 850. திருவிழா முடிந்து ஒரே ஜீப்பில் பதினான்கு பேர் ஏறும் காட்சி எந்தப் பங்கிலும் புதிதல்ல! மூட்டையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீற்றர் உள்ள வாகனத்தில், பின் அச்சுக்கு 60 சென்ரிமீற்றர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால், பின் அச்சு சுமப்பது 125 கிலோ. அந்த மேலதிக 25 கிலோ முன் சில்லுகளிலிருந்து கழிகிறது. ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடிமானம் குறைவது இதனால்தான். எனவே கனமான மூட்டைகளை முன் ஆசனத்தின் பின்பக்கமாக அடுக்குங்கள். கீரையும் வெற்றுப் பெட்டிகளும் பின்கதவோரம் போகட்டும்.

மூன்றாவது காரணம் பலருக்குப் புதிதாக இருக்கும்: உரம். பொட்டாஷ் உரத்தில் குளோரைட் உப்பு உண்டு. கிழிந்த உரப்பையிலிருந்து சிந்தியது மழைநீரோடு வடிந்து, தகடுகளுக்கிடையே உள்ள சேற்றில் ஊறி நிற்கிறது. உப்பு இரும்பை ஊசிமுனை அளவு குழி குழியாக அரிக்கும். அந்தக் குழியிலிருந்துதான் வெடிப்பு புறப்படுகிறது. உரம் ஏற்றிய அன்றே வாகனத்தின் அடிப்பாகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். சுருள் ஸ்பிரிங்கிற்கு இது இன்னும் பொருந்தும். அதன் கீழ்ச் சுற்று ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்தில் சேறு தேங்கினால், மேலே வர்ணம் நன்றாக இருக்கும்போதே உள்ளே துருப்பிடித்துக் கடைசிச் சுற்று முறிந்துவிடும். முறிந்த கூர் நுனி டயரைக் கிழிக்கவும் கூடும்.

தேய்ந்த ஷொக் எப்சோபரையும் மறக்க வேண்டாம். அது வேலை செய்யாதபோது, ஒரு பள்ளத்திற்கு ஒருமுறை வளைய வேண்டிய ஸ்பிரிங் நாலைந்து முறை ஆடுகிறது.

வழியில் முறிந்தால்

பின்னால் ஒரு பக்கம் சரிந்து, அடியில் இரும்பு மோதும் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். ஆட்கள் எல்லோரும் இறங்க வேண்டும், கைக்குழந்தையோடு இருப்பவர் முதலாக. சரிவில் நிற்கிறது என்றால் கீழ்ப்பக்கமாகச் சில்லுகளுக்குப் பெரிய கல் வையுங்கள். கைப்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். லேன்ட் ரோவரில் கைப்பிரேக் பிடிப்பது சில்லை அல்ல, கியர்ப்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டை. ஒரு பின் சில்லை ஜக் போட்டுத் தூக்கியவுடன் அந்தச் சில்லு தாராளமாகச் சுழலும், வாகனம் உருளும். இதை அறியாமல் கீழே படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஜக்கை மட்டும் ஆதாரமாக வைத்துக் கீழே நுழைவதும் அப்படியே. சஸிக்கு அடியில் மரக்கட்டை அடுக்கிய பிறகே கை வையுங்கள்.

பிறகு எந்தத் தகடு என்று பாருங்கள். கீழே உள்ள சிறு தகடு என்றால், முறிந்த துண்டு டயரிலோ பிரேக் குழாயிலோ முட்டாமல் எடுத்துவிட்டு, ஆளும் சுமையும் இல்லாமல் மெதுவாக கராஜுக்குப் போகலாம். மெயின் தகடு அச்சுக்குப் பின்பக்கமாக முறிந்திருந்தால், அச்சை முன் பாதி இன்னும் பிடித்திருக்கிறது. அச்சுக்கும் சஸிக்கும் இடையே காய்ந்த, வைரமுள்ள மரக்கட்டை ஒன்றைச் செருகி, அது நழுவாதபடி கம்பியாலோ கயிற்றாலோ இறுகக் கட்டி, ஆள் நடக்கும் வேகத்தில் அருகிலுள்ள தட்டையான இடம்வரை நகர்த்தலாம். முன்பக்கமாக முறிந்திருந்தால் ஓட்டவே வேண்டாம். சில வாகனங்களில் இரண்டாவது தகட்டின் நுனி மெயின் தகட்டின் கண்ணைச் சுற்றி வளைந்திருக்கும். அது ஓரளவு பிடிக்கும் என்றாலும் அதை நம்பி இறக்கத்தில் இறங்குவது அறிவல்ல. ஸ்பிரிங்கை அந்த இடத்திற்குக் கொண்டுவந்து மாற்றுவது செலவுதான். செய்யுங்கள்.

வெல்டிங் வேண்டாம்

மலிவாக முடியும் என்று முறிந்த தகட்டை ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒட்டின இடம் உறுதியாகவே தோன்றும். ஸ்பிரிங் இரும்பு சாதாரண இரும்பு அல்ல. அதில் கரி அதிகம். அதைச் சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தித்தான் அந்த வளையும் குணத்தைக் கொடுக்கிறார்கள். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கிறது. ஒட்டுக்கு அருகே ஓர் இடம் கண்ணாடி போல உடையும் தன்மை பெறுகிறது, இன்னோர் இடம் மென்மையாகிவிடுகிறது. மீண்டும் முறியும்; இம்முறை ஒட்டுக்குப் பக்கத்திலேயே, முன்னறிவிப்பு இல்லாமல். ஏழைகளின் வாகனம் என்பதால் ஏழைத்தனமான திருத்தம் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஜீப்பில் ஏறுவது நம் பிள்ளைகள்.

முறியாத பக்கத்து ஸ்பிரிங்கும் அதே வயதினது. முடிந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது, மற்றது தொய்ந்தது என்றால் வாகனம் ஒருபக்கம் சாய்ந்தே ஓடும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ பாவித்த ஸ்பிரிங் வாங்குபவர்கள் பழையதைக் கையோடு கொண்டுபோய், நீளம், அகலம், தகடுகளின் எண்ணிக்கை, தடிப்பு, கண்ணின் அளவு எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. தகட்டைச் சுத்தமாக்கி மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்து உலர்த்தி, வெண்கட்டித் தூளைத் தேயுங்கள். பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டினால், வெடிப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோடாகத் தெரியும். மேல்முகத்தைக் கவனமாகப் பாருங்கள். சுமை ஏறும்போது இழுபடுவது அந்த முகமே.

பூட்டும்போது யூ போல்ட்டும் நட்டும் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை இழுபட்டது மறுமுறை அதே பிடியைத் தராது. நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கண்ணில் உள்ள றப்பர் புஷ் போல்ட்டுகளை, வாகனம் தரையில் தன் பாரத்தோடு நின்ற பிறகே கடைசியாக இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து விரைவில் கிழிந்துவிடும். முதல் நாள் ஓடிய பின்பும், ஒரு வாரத்திலும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். இதைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

"இன்னும் ஒரு தகடு கூடப் போட்டால் பலமாக இருக்குமே?" இருக்கும். ஆனால் ஸ்பிரிங் வளையாவிட்டால் அடி சஸிக்குப் போகும், பிடிகள் வெடிக்கும். மேலும் பல ஜீப், பிக்அப் வாகனங்களில் பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. தகடு கூட்டிப் பின்புறத்தை உயர்த்தினால், வாகனம் வெறுமையாக இருக்கிறது என்று அது ஏமாந்து, முழுச் சுமையோடு இறங்கும்போதும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஸ்பிரிங் தொய்ந்து தாழ்ந்திருந்தால் நேர்மாறாக நடக்கும். மழையில் வெறும் வாகனம் பின்னால் சறுக்கும். ஸ்பிரிங்கில் கை வைத்த மெக்கானிக்கிடம் இந்த வால்வைச் சரிபார்த்தீர்களா என்று கேளுங்கள்.

குழுவாகப் பேசுவதற்கு

உங்கள் ஊர் ஜீப்பைத் தட்டையான இடத்தில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை இரு பக்கமும் ஒரு நூலால் அளந்து பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் வித்தியாசம் உண்டா? யூ போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கியது யார், எப்போது? ஒரு பயணத்தில் எத்தனை பேர், எத்தனை மூட்டை என்பதைத் தீர்மானிப்பது சாரதியா, சங்கமா, கடைசியாக ஓடிவந்து ஏறுபவரா? அடுத்த ஸ்பிரிங்கிற்காக ஒவ்வொரு மூட்டைக்கும் எவ்வளவு ஒதுக்கலாம், அந்தப் பணத்தை யாருடைய பெயரில் வைப்பது?