விளக்க முடியாத வரியை உள்ளே விடாதீர்கள்

நிரல் எழுதுவது என் தொழில். 2021-இல் கிட்ஹப் கோபைலட் வந்தபோது, நான் பாதி அடித்த வரியை அது முடித்துக் கொடுத்தது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. இன்று என் கணினியில் இருக்கும் ஏஐ கருவிகளிடம் என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். பல கோப்புகளைத் திறந்து திருத்தி, டெஸ்ட்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு "முடிந்தது" என்கின்றன. அவற்றைத் தினமும் விரும்பியே பயன்படுத்துகிறேன். ஒரு நாள் முழுக்க இழுத்தடிக்கும் சலிப்பான வேலை, தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

ஆனால் நள்ளிரவில் புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் அழைப்பு எனக்குத்தான் வருகிறது. அதனால் எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன்: பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு விளக்க முடியாத ஒரு வரியையும் உள்ளே சேர்ப்பதில்லை. அதை எழுதியது நானா, நண்பரா, ஏஐயா என்பது பொருட்டே இல்லை. இந்த விதியைக் கடைப்பிடித்ததில் நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

கேட்பதற்கு முன் எழுதிவையுங்கள்

"கடனுக்கு வட்டி கணக்கிடும் ஃபங்ஷன் எழுது" என்றால் நொடியில் வந்துவிடும். ஆண்டுக்கு 365 நாளா, 360 நாளா? லீப் ஆண்டில் என்ன செய்வது? பைசாவை மாதாமாதம் முழுமையாக்குவதா, கடைசியில் ஒரே தடவையா? தவணையில் பாதி மட்டும் கட்டினால் அது முதலில் வட்டிக்குப் போகுமா, அசலுக்குப் போகுமா? நாம் சொல்லாவிட்டால் ஏஐ தானாக ஒரு விடையை எடுத்துக்கொள்ளும். அது எடுத்துக்கொண்டது நமக்குத் தெரியாமலே போகலாம்.

ஃபிரெட் புரூக்ஸ் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மென்பொருளின் சிரமங்களை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, கருவிகளால் வரும் சிரமம். மற்றது, எடுத்துக்கொண்ட விஷயத்துக்குள்ளேயே இருக்கும் சிரமம். ஏஐ முதல் வகையைப் பெருமளவு குறைத்திருக்கிறது. இரண்டாவது வகைக்கு இன்னமும் கணக்குப் பிரிவில் இருப்பவரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். எனவே ஏஐயிடம் போவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிவிடுவேன்: உள்ளே என்ன வரும், வெளியே என்ன போகவேண்டும், எது ஒருபோதும் நடக்கக்கூடாது.

பணம் என்றால் இன்னொரு குறிப்பும் சேரும். பெரும்பாலான நிரல் மொழிகளில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். இரும எண்முறையில் 0.1-ஐத் துல்லியமாக வைக்க முடியாததே காரணம். ஆகவே தொகையை ரூபாயில் தசமமாக வைக்காமல், பைசாவில் முழு எண்ணாக வையுங்கள்.

டெஸ்ட்டை நீங்கள் யோசியுங்கள்

நிரலையும் டெஸ்ட்டையும் ஒரே கருவியிடம் கேட்டால், தவறான புரிதல் இரண்டிலும் ஒரேமாதிரி உட்கார்ந்திருக்கும். எல்லாம் பச்சையாகவே தெரியும். அதனால் டெஸ்ட்டின் வரிகளை ஏஐ எழுதட்டும். எந்தெந்த நிலைமைகளைச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல் நம்முடையதாக இருக்கட்டும்.

என் பட்டியலில் எப்போதும் இருக்கும் ஒரு நிலைமையைச் சொல்கிறேன். ஒருவர் ஏப்ரல் 1 அதிகாலை 1 மணிக்குப் பணம் கட்டுகிறார். சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். சர்வரின் கணக்கில் அப்போது மார்ச் 31 இரவு 7.30. நேரமண்டலத்தை மாற்றாமல் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால், அந்த ரசீது முந்தைய நிதியாண்டுக்குப் போய்விடும். நேர வித்தியாசத்தை முழு மணியாக மட்டுமே எடுத்துக்கொள்ளும் நிரல் இந்தியாவில் அரை மணி தவறும். ஐந்தே முக்கால் மணி முன்னால் இருக்கும் நேபாளத்தில் முக்கால் மணி தவறும். பிப்ரவரி 29, காலியான பெயர், பூஜ்யத் தொகை, ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்தும் விரல் ஆகியவையும் என் பட்டியலில் உண்டு.

ஒரு தமிழ்ப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்

ஆங்கிலப் பெயர்களோடு அழகாக ஓடும் நிரல், தமிழ் வந்ததும் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "தமிழ்" என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8-இல் சேமித்தால் 15 பைட். ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் 5 என்னும். ஸ்விஃப்ட் 3 என்னும். செயலிகளில் படம் வைக்காதவருக்குப் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டுவார்களே, அங்கே முதல் குறியீட்டை மட்டும் எடுத்தால் கோமதிக்கு "க" வரும்; மீனாவுக்கு "ம" வரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதற்கென்றே இன்டல்.செக்மென்டர் இருக்கிறது. ஏஐயிடம் அதைப் பெயர் சொல்லிக் கேட்டால் சரியாகவே பயன்படுத்தும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குறுஞ்செய்தியிலும் கணக்கு மாறும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறியீடுகள் என்றால், தமிழ் கலந்ததும் 70-ஆகக் குறைந்துவிடும், செலவு கூடும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் படிவங்களும் அப்படித்தான். நம்மில் மிகப்பலருக்கு இனிஷியலும் பெயரும் மட்டுமே உண்டு. யாருக்காக எழுதுகிறோம் என்பது நமக்குத் தெரியும். நாம் சொன்னால்தான் கருவிக்குத் தெரியும்.

"ஓடுது" என்பது பதில் அல்ல

என் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பணம் செலுத்தும் பகுதிக்கு ஒரு மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பியிருந்தார்.

"பதில் வரலைன்னா மூணு தடவை திரும்ப அனுப்புதே, ஏன்?" என்று கேட்டேன்.

"ஏஐ அப்படித்தான் கொடுத்துச்சுண்ணா. நல்லா ஓடுது."

"பதில்தான் வரலை, பணம் போயிருச்சுன்னா?"

சற்று யோசித்தார். பிறகு அவரே படித்துப் பார்த்து, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் ஒன்றைச் சேர்த்து அனுப்பினார். அதே எண் மறுபடி வந்தால் எதிர்முனை இரண்டாவது முறை பணம் எடுக்காது. காத்திருந்த நேரம் முடிந்தது என்பதும் வேலை தோற்றது என்பதும் வேறு வேறு என்பதை இனி அவர் மறக்கமாட்டார். இதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு கேள்வி மட்டுமே. மூத்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் "அப்ரூவ்" அழுத்தத் தொடங்கினால், அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள் எங்கிருந்து வருவார்கள்?

பீட்டர் நவுர் என்ற டென்மார்க் நாட்டுக் கணினி அறிஞர், 1985-இல் வெளியான கட்டுரையில் இதைத்தான் வலியுறுத்தினார்: நிரல் என்பது கோப்பில் இருக்கும் வரிகள் மட்டும் அல்ல, அதை எழுதியவர்களின் மனத்தில் உருவாகும் புரிதலே அதன் உயிர். அந்தப் புரிதல் உள்ளவர்கள் கலைந்துபோனால், வரிகள் அப்படியே இருந்தும் நிரலை வளர்க்க முடியாமல் போகும். இன்று வரிகள் எவர் மனத்திலும் தங்காமலேயே பிறக்கின்றன. அதனால் ஒவ்வொரு கமிட்டிலும் "என்ன மாற்றினேன்" என்பதோடு "ஏன் மாற்றினேன்" என்பதையும் எழுதுங்கள். யார், எப்போது மாற்றினார் என்பதை கிட் காட்டிவிடும். காரணத்தை நாம் எழுதினால்தான் உண்டு.

வெளியிலிருந்து எடுக்கும் பேக்கேஜுக்கும் இதே விதிதான். ஏஐ சில நேரம் இல்லாத பேக்கேஜ் பெயரை உறுதியாகச் சொல்லும். அதே பெயரில் யாரேனும் தீய நிரலைப் பதிவேற்றி வைத்திருக்கலாம். நிறுவும் முன் அதன் பக்கத்தைத் திறந்து, யார் பராமரிக்கிறார்கள், எவ்வளவு காலமாக இருக்கிறது என்று பாருங்கள்.

மிச்சமாகும் நேரம் யாருக்கு?

ஏஐ மிச்சப்படுத்தும் நேரத்தை இன்னும் அதிக வேலை வந்து நிரப்பிவிடும். இரவு அமெரிக்காவோடு மீட்டிங், காலை இங்கே ஸ்டாண்டப் என்று வாழ்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் படித்துப் புரிந்துகொள்ளத் தெளிவான தலை வேண்டும். களைத்த கண்ணுக்கு எந்த நிரலும் சரியாகத்தான் தெரியும். காலையில் முதல் ஒரு மணி நேரத்தை மீட்டிங் இல்லாமல், பிறர் எழுதியதையும் ஏஐ எழுதியதையும் வாசிக்க ஒதுக்கியிருக்கிறேன். மாலையில் எழும் முன், எங்கே நிறுத்தினேன், அடுத்து என்ன என்று இரண்டு வரி எழுதிவைக்கிறேன். அதன்பின் வேலை என்னோடு வீட்டுக்கு வருவதில்லை. பிள்ளைகளோடு முழுதாக இருக்க முடிகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் டெப்ளாய் செய்வதில்லை என்பதையும் குழுவில் பழக்கமாக்கிவிட்டோம்.

வீட்டுக்கும் ஒரு விதி

சில நொடிக் குரல்பதிவு கிடைத்தாலே ஒருவரின் குரலைப் போலச் செய்யும் கருவிகள் வந்துவிட்டன. "அம்மா, அவசரமா பணம் அனுப்பு" என்று நம் குரலிலேயே அழைப்பு வரலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறோம். பணம் கேட்டு யார் அழைத்தாலும், முதலில் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும்; பிறகு அழைப்பைத் துண்டித்து, நமக்குத் தெரிந்த எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. உங்கள் பெற்றோரிடம் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தொழில்நுட்பம் தெரிந்த பிள்ளையால் வீட்டுக்கு ஆகக்கூடிய பெரிய உதவி இது.

இப்போதுதான் இந்தத் தொழிலுக்குள் வருகிறீர்களா? ஏஐயைக் கண்டு பயப்படவேண்டாம். அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். அது எழுதித் தந்ததில் ஒரு ஃபங்ஷனை எடுத்து, திரையைப் பார்க்காமல், நண்பரிடம் வரிவரியாக விளக்குங்கள். எங்கே நாக்கு தடுமாறுகிறதோ அங்கேதான் நீங்கள் கற்கவேண்டியது இருக்கிறது. அந்த இடத்தை ஏஐயிடமே கேட்டுப் படியுங்கள். ஆவணத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு மறுபடி விளக்குங்கள். இப்படிப் பழகியவருக்குக் கருவி எத்தனை முறை மாறினாலும் வேலை இருக்கும். அவர் எழுதிய மென்பொருளை நம்பி மக்கள் பணம் கட்டலாம், மருந்து வாங்கலாம், ரயில் ஏறலாம்.