ஏறுகிறவனும் இறங்குகிறவனும்

அன்புள்ள தம்பிக்கு,

கெல் புரூக், கெனடி கொலோவ்கின் சண்டையைப் பார்த்துவிட்டு, "13 பவுண்டு பெரிய ஆளோடு ஏன் அண்ணே மோதினார், காசுக்காகவா?" என்று கேட்டிருந்தாய். காசுக்காகத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குத்துச்சண்டைக்காரனுக்குப் பெரும்பாலும் பென்ஷன் கிடையாது; உடம்பு தாங்குகிற சில வருஷங்களில் சம்பாதித்தால்தான் உண்டு.

புரூக் அப்போது 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ, வெல்டர்வெயிட்டில் உலகச் சாம்பியன். 36 சண்டையில் தோல்வியே கிடையாது. ஆனாலும் அந்த எடையில் பெரிய பணம் கொண்டுவரும் சண்டை அவருக்கு அமையவில்லை. 2016 ஜூலையில் கிறிஸ் யூபேங்க் ஜூனியருடன் கொலோவ்கின் தரப்பு நடத்திய பேச்சு முறிந்து, கொலோவ்கினுக்கு அவசரமாக ஓர் எதிராளி தேவைப்பட்டார். புரூக் ஒப்புக்கொண்டார். கொலோவ்கினின் எடையான 160 பவுண்டுக்கு ஏற அவருக்குக் கிடைத்தது இரண்டே மாதம். செப்டம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். இரண்டாவது ரவுண்டை மறுபடி போட்டுப் பார்: புரூக்கின் அப்பர்கட் இறங்கும்போது கூட்டமே எழுந்துவிடுகிறது. வேகத்தில் குறை இல்லை. வாங்குகிற அடிதான் வேறு எடையிலிருந்து வந்தது. அவருடைய வலது கண்குழி எலும்பு உடைந்தது. ஐந்தாவது ரவுண்டில் சண்டையை நிறுத்தச் சொல்லி பயிற்சியாளர் டொமினிக் இங்கிள் துண்டை வீசினார். தன் வீரன் நின்றுகொண்டிருக்கும்போதே துண்டை வீச நெஞ்சுரம் வேண்டும். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நீ பார்க்காதது அடுத்த சண்டை. பட்டத்தைக் காப்பாற்ற புரூக் மறுபடி 147-க்கு இறங்கினார். 2017 மே 27, சொந்த ஊர் ஷெஃபீல்டில், எரல் ஸ்பென்ஸ் எதிரே. பதினொன்றாவது ரவுண்டில் முழங்காலிட்டார், எழவில்லை. இந்த முறை இடது கண்குழி. எடைக் குறைப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஸ்பென்ஸின் அடி அப்படி. ஆனால் ஒன்பது மாதத்துக்குள் ஓர் உடம்பை 13 பவுண்டு ஏற்றி இறக்கியதை மறந்துவிட்டு அந்தத் தோல்வியைப் பேச முடியாது.

சின்ன ஆள் மேலே ஏறினால் ஊரே பதறுகிறது. எனக்கு அதிகம் பதறுவது இறங்குகிறவனுக்காக.

ஆஸ்கர் டி லா ஹோயாவைப் பார். 2008 டிசம்பர் 6, லாஸ் வேகாஸில் மேனி பக்கியாவோ எதிரே. அந்த வருஷம் ஜூனில்தான் பக்கியாவோ 135 பவுண்டில் ஆடியிருந்தார். இவ்வளவு சின்ன ஆளை அடிக்கப் போகிறாரே என்று டி லா ஹோயாவைத்தான் திட்டினார்கள். அவரோ 2001-க்குப் பிறகு தொடாத 147-க்கு 35 வயதில் இறங்கி வந்தார். தராசில் 145, வரம்புக்கும் இரண்டு பவுண்டு கீழே. பக்கியாவோ 142. மறுநாள் வளையத்துக்குள் வரும்போது பக்கியாவோ 148.5, டி லா ஹோயா 147! பெரிய ஆள் என்று பெயர் வாங்கியவர்தான் அன்று எடை குறைந்தவர். எட்டு ரவுண்டு முழுக்க அடி வாங்கி, ஒன்பதாவதுக்கு ஸ்டூலை விட்டு எழவில்லை. அதுவே அவருடைய கடைசிச் சண்டை.

ராய் ஜோன்ஸ் கதையும் இப்படித்தான். 2003 மார்ச்சில் 193 பவுண்டில் நின்று, 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். நவம்பரில் 175-க்கு இறங்கி ஆன்டோனியோ டார்வரிடம் திணறித்தான் ஜெயித்தார். அடுத்த மே மாதம் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் அவரைச் சாய்த்தார்.

இறங்குவதில் ஆபத்து எங்கே என்று கேட்பாய். எடை பார்ப்பது பெரும்பாலும் சண்டைக்கு முந்தைய நாள். கடைசி நாட்களில் உடம்பிலிருந்து போவது கொழுப்பு அல்ல, தண்ணீர். உப்பை நிறுத்தி, பிளாஸ்டிக் உடுப்போடு ஓடி, நீராவி அறையில் உட்கார்ந்து வியர்வையாக வடிக்கிறார்கள். தராசை விட்டு இறங்கியதும் குடித்தால் வயிறு நிறையும். வற்றின உடம்பு முழுசாகத் தேற ஒரு நாள் போதாது. அந்த நிலையில் தலையில் வாங்குகிற அடி, உடம்பு தேறி நிற்கும்போது வாங்குகிற அடி மாதிரி இருக்காது.

பரிசுப்பணம் பெரிது என்று உன்னை நாலு கிலோ இறக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் கோச்சிடம் இரண்டைக் கேள்: எத்தனை வாரம் இருக்கிறது, அந்த நாலு கிலோவில் சாப்பாட்டை ஒழுங்குபடுத்திக் குறைப்பது எவ்வளவு, தண்ணீரை வடித்துக் குறைப்பது எவ்வளவு. கடைசி இரண்டு நாளில் வடித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால், இப்போதைய எடையிலேயே பெயர் கொடு. எதிரே வருகிறவன் உன்னைவிட உயரமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அண்ணன்